ஜூன் 5 வேண்டாம், புரட்டாசி வரட்டும்: எங்கள் குடியிருப்பு சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயாவுக்கு, செயலாளர் தம்பிக்கு, பொருளாளர் அக்காவுக்கு, அப்புறம் நான்கு பிளாக்கிலும் இருக்கிற எல்லா வீட்டாருக்கும்,

வணக்கம். சி பிளாக் இரண்டாம் மாடியிலிருந்து எழுதுகிறேன். மொட்டைமாடியில் மீன் பெட்டியில் செடி வளர்க்கிற அம்மா என்றால் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அடையாளம் தெரியும்.

லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று காலையில் பசுமை விழா, முன்பக்கக் காலி இடத்தில் மறுபடியும் கொரியன் புல், ஓரத்தில் பூச்செடிகள், வீட்டுக்கு 500 ரூபாய். பணம் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை, போன வருடமும் முதல் ஆளாகக் கொடுத்தேன். ஆனால் அந்தப் புல் சித்திரை முடிவதற்குள் தேய்ந்த துடைப்பம் மாதிரி ஆகிவிட்டது. வாட்ச்மேன் சரியாகத் தண்ணீர் விடவில்லை என்று கூட்டத்தில் எல்லோரும் அவர் மேல் பாய்ந்தீர்கள். அவர் பாவம், தினமும் சாயங்காலம் ஹோஸ் பிடித்துக்கொண்டுதான் நின்றார். மாடியிலிருந்து நானே பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் கூட்டத்தில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். அது என் தப்பு, அதற்குச் சேர்த்துத்தான் இப்போது எழுதுகிறேன்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேட் ஓரம் காய்ந்து நின்ற குரோட்டன்ஸ் ஒன்றைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. வேரைச் சுற்றி நர்சரியின் கறுப்பு பிளாஸ்டிக் கவர் அப்படியே இருந்தது. குழி தோண்டி, கவரோடு இறக்கி, மேலே மண்ணைத் தள்ளி, போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் ஒப்பந்தக்காரர். உள்ளே வேர் வெளியேற வழியில்லாமல் இடியாப்பம் மாதிரி சுற்றிச் சுற்றி இறுகிப் போயிருந்தது. சந்தேகம் வந்து வரிசையாக எட்டுச் செடி பிடுங்கினேன். ஐந்தில் கவர் இருந்தது.

மீதி மூன்று ஏன் செத்தன என்று பார்க்க, வாட்ச்மேன் தண்ணீர் விட்டுப் போன அரை மணி நேரத்தில் ஒரு பழைய கரண்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். மேலே மண் நல்ல கறுப்பாக, ஈரமாக, பார்க்கவே குளுமையாக இருந்தது. கரண்டியைச் செருகினேன். விரல் நுனி அளவுக்குத்தான் ஈரம். அதற்குக் கீழே புழுதி. கொஞ்சம் தள்ளித் தோண்டினேன், அங்கேயும் அதேதான். பத்து நிமிடம் ஹோஸை அப்படியும் இப்படியும் ஆட்டினால் தோட்டம் முழுக்க நனைகிறது, வேருக்கு ஒரு சொட்டும் போவதில்லை. ஈரம் மேலே மட்டும் இருப்பதால் வேரும் மேலேயே சுற்றிக்கொண்டு கிடக்கிறது. மறுநாள் பகல் வெயிலில் அந்த மேல் மண் தோசைக்கல் மாதிரி காயும்போது வேரும் சேர்ந்து வறுபடுகிறது. நாம் தண்ணீர் ஊற்றித்தான் அந்தச் செடிகளைக் கொன்றிருக்கிறோம்.

சரி, புல்லுக்கு வருகிறேன். நீங்கள் குறித்திருக்கும் இடம் ஏறக்குறைய 1,000 சதுர அடி, அதாவது 93 சதுர மீட்டர். நம் சென்னைக் கோடையில் புல்தரை ஒரு நாளைக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் தண்ணீரை வெயிலுக்கும் காற்றுக்கும் கொடுத்துவிடும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். பெருக்கிப் பாருங்கள், தினமும் 450 லிட்டருக்கு மேல் வருகிறது. நம் வீட்டு பிளாஸ்டிக் குடத்தில் 30 குடம். 20 நாளில் ஒரு 9,000 லிட்டர் லாரி. அந்த லாரிக்கு நாம் எப்படிக் காத்துக் கிடப்போம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2019 ஜூன் மாதம் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய தரை தட்டிவிட்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அன்றைக்கு நம் தெருமுனையில் சின்டெக்ஸ் தொட்டிக்கு முன் வண்ண வண்ணக் குடங்களை வரிசை போட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருத்தி, நம் பொருளாளர் அக்காவும் ஒருத்தி. அந்த வரிசையில்தான் நாங்கள் சிநேகிதிகள் ஆனோம். அப்புறம் இன்னொன்று. காட்டுப்பள்ளியில் 2010-இல் திறந்த ஆலை கடல் தண்ணீரைக் குடிநீராக்கக் கட்டியது, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் அதன் கொள்ளளவு. உப்பைப் பிரிக்க மின்சாரத்தைக் கொட்ட வேண்டியிருக்கிறது. அப்படிப் பாடுபட்டு வருகிற தண்ணீர், யாரும் கால்கூட வைக்கக் கூடாத புல்லின் மேல் போக வேண்டுமா?

போர்வெல் தண்ணீர் இருக்கிறதே என்பீர்கள். போன மாதம் என் வீட்டு ஆர்.ஓ. மிஷினைப் பார்க்க வந்த பையனிடம் உப்பு பார்க்கும் மீட்டர் இருந்தது. அவனைக் கெஞ்சி மோட்டார் ரூம் குழாய்க்குக் கூட்டிப் போனேன். மீட்டர் 2,100 காட்டியது, லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம். குடிநீர் வாரியம் குழாயில் விடுகிற மெட்ரோ தண்ணீரில் 400. குடிக்கிற தண்ணீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் அளவு. நம் போர் அதையும் தாண்டி நிற்கிறது. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, நாம் மேலே இருந்து உறிஞ்ச உறிஞ்ச அது பக்கவாட்டில் நுழைகிறது. வடக்கே மீஞ்சூர் பக்கத்தில் பல பத்தாண்டுகளாக நடக்கிற கதை இதுதான்.

இந்த உப்பையும் வாட்ச்மேனின் ஹோஸையும் சேர்த்துப் பாருங்கள். மேலாகத் தெளிக்கும்போது தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு ஆவியாகாது. ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு சிட்டிகை உப்பை வேர்ப்பகுதியில் விட்டுவிட்டுப் போகிறோம். என் மாடியில் மண் தொட்டிகளின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கும், வந்து பாருங்கள். விபூதி இல்லை, உப்பு. மண்ணில் உப்பு ஏறிவிட்டால் ஈரம் இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாது. இலை ஓரம் கருகும். கருகுகிறதே என்று நாம் இன்னும் கொஞ்சம் போர் தண்ணீரைத் தெளிப்போம்.

ஆர்.ஓ. மிஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொல்லி யாரோ குரூப்பில் போட்டிருந்தார்கள். மிஷினுக்குப் போவது மெட்ரோ தண்ணீர் என்றால், உப்பு தாங்குகிற செடிக்கு ஊற்றலாம். போர் தண்ணீர் என்றால் வேண்டவே வேண்டாம், அது போரைவிடக் கரிப்பு. தரை துடையுங்கள், டாய்லெட்டில் ஊற்றுங்கள்.

இத்தனையும் சொன்னால், அப்படியானால் பாலைவனத்துச் செடியாக வாங்கிவிடலாமே என்று செயலாளர் தம்பி கேட்பார். நானும் அப்படி நினைத்து ஏமாந்தவள்தான். அடீனியம் மூன்று வைத்திருந்தேன், அடிக் கிழங்கு குட்டி யானைக் கால் மாதிரி பருத்து, கோடை முழுக்க ரோஸ் நிறத்தில் பூத்துத் தள்ளும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. கீழே தரையில் வைத்திருந்த மூன்றும் தண்ணீரில் நின்றன. மழை விட்ட பிறகு கிழங்கை அமுக்கிப் பார்த்தேன், அழுகிய பப்பாளி மாதிரி விரல் உள்ளே போனது. வெயிலைத் தாங்கிய செடி வெள்ளத்தில் போய்விட்டது.

சென்னைக்கு வருடத்துக்கு 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை உண்டு. வறண்ட ஊரின் மழை இல்லை அது. ஆனால் அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய இரண்டு மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. தை பிறந்தால் வைகாசி வரை வானம் வாயைத் திறக்காது. ஆகவே நம் வாசலுக்கு வரும் செடி மூன்று பரீட்சை எழுத வேண்டும். மே மாதம் வாரம் ஒரு குடத்தில் காலம் தள்ள வேண்டும், போர் உப்பைப் பொறுக்க வேண்டும், டிசம்பரில் இரண்டு மூன்று நாள் முழங்கால் தண்ணீரில் நின்றாலும் எழுந்து வர வேண்டும். நர்சரிக்காரர் சொல்கிற 'வறட்சி தாங்கும்' என்பது முதல் பரீட்சை மட்டும்தான்.

கோனோகார்பஸை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் ஓரம் வரிசையாக வைத்தால் ஆறே மாதத்தில் பச்சைத் திரை என்று ஒப்பந்தக்காரர் படம் காட்டினாராமே. வறட்சி தாங்கும், உப்பும் தாங்கும், பொய் சொல்லவில்லை. ஆனால் அதன் வேர் தண்ணீரைத் தேடிக் குழாய்க்குள் போகும், சாக்கடைக்குள் போகும். குஜராத் அரசு 2023-இல் அதை நடவே கூடாது என்று தடை போட்டது. நம் பாதாளச் சாக்கடை அடைப்பு ஏற்கெனவே எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று ஏ பிளாக் தரைத்தளத்து வீடுகளைக் கேளுங்கள்.

என்னைக் கேட்டால் சுவர் ஓரத்துக்கு அரளிதான். நெடுஞ்சாலையில் நடுத்திட்டைப் பார்த்திருப்பீர்கள், இரண்டு பக்கமும் லாரிப் புகை, கீழே தார், மேலே வெயில், அதில் செவ்வரளி சிரித்துக்கொண்டு நிற்கும். அதன் இலையைத் தடவிப் பாருங்கள், தோல் மாதிரி தடிமனாக இருக்கும். அடிப்பக்கத்தில் மூச்சு விடுகிற துளைகள் சின்னச் சின்னப் பள்ளங்களுக்குள் ஒளிந்திருக்கும், பள்ளத்துக்குள் பூனைமுடி மாதிரி ரோமம் வேறு. காற்று அடித்தாலும் உள்ளே இருக்கிற ஈரம் சுலபத்தில் வெளியே போகாது. ஆடு, மாடு வாய் வைக்காது. நம் தெரு ஆடுகள் கேட் திறந்தால் எங்கே வரை வரும் என்பதை இரண்டாம் வரிசையில் பைக் நிறுத்துகிறவர்கள் அறிவார்கள், சீட்டையே மென்றிருக்கின்றன. பூ வெள்ளிக்கிழமை அம்மனுக்கும் ஆகும். ஒன்றே ஒன்று, அரளி முழுக்க விஷம்: இலை, பூ, தண்டு, பால் எல்லாமே. மஞ்சள் அரளியின் விதை இன்னும் மோசம். பிள்ளைகள் விளையாடும் ஊஞ்சல் பக்கம் அது வரவே கூடாது. பின்பக்கச் சுவரோடு நிற்கட்டும். வெட்டிய பிறகு கை கழுவ வேண்டும், வெட்டிய கிளையைக் கொளுத்தக் கூடாது, அந்தப் புகையும் ஆகாது.

கேட் மேல் ஏற்றக் காகிதப்பூ. இதற்குத் தண்ணீர் அதிகமாக விட்டால்தான் கெடுதல், இலையாகத் தள்ளும், நிறம் வராது. நாம் பூ என்று பார்க்கிற அந்த ரோஸ் தாள் உண்மையில் இலையின் மாறுவேடம், நடுவில் குச்சி மாதிரி இருக்கும் வெள்ளைதான் பூ. கொஞ்சம் காயவிட்டால்தான் மாறுவேடம் போடும். முள் இருப்பதால் நடைபாதைப் பக்கம் தாழ விடாமல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

நித்தியகல்யாணி என்று நான் சொன்னதும் பி பிளாக்கில் ஒரு அக்கா முகம் சுளித்தது தெரியும். சுடுகாட்டு மல்லியை வாசலில் வைப்பார்களா என்றார். அதே செடிக்குத்தான் நித்தியகல்யாணி என்று மங்கலமான பேரும் இருக்கிறது, எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது என்பது நம் வாயில் இருக்கிறது. யாரும் தண்ணீர் ஊற்றாத இடத்திலும் வருடம் முழுக்கப் பூக்கும் என்பதால்தான் அது சுடுகாட்டில் இருக்கிறது, சுடுகாட்டில் இருப்பதால் பூக்கவில்லை. அதன் இலையிலிருந்து எடுக்கிற மருந்தைத்தான் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். அதற்காக யாரும் இலையைப் பறித்து மென்றுவிட வேண்டாம், அப்படியே தின்றால் அதுவும் விஷம்தான். என் பெட்டியில் வெள்ளையும் ஊதாவும் இருக்கிறது. மழையில் தண்ணீர் தேங்கினால் மட்டும் தண்டு அழுகும், அதனால் நாலு விரல் மேடாக மண் போட்டு நட வேண்டும். செத்தாலும் பரவாயில்லை, விதை கீழே கொட்டியிருக்கும், தை மாதம் தானாக முளைத்து நிற்கும்.

ஊஞ்சலைச் சுற்றி டேபிள் ரோஸ் போடலாம். பத்து மணிக்கு விரிகிற பூ, பிள்ளைகளுக்குப் பிடிக்கும், கிள்ளி ஊன்றினால் வரும். குண்டு இலையில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பக்கத்தில் கற்பூரவல்லி, பிரண்டை, சோற்றுக் கற்றாழை. கற்றாழை பகலில் மூச்சுத் துளைகளைச் சாத்திக்கொண்டு ராத்திரியில் திறக்கிற சாதி, அதனால் செலவு ரொம்பக் கம்மி. ஆனால் இவற்றை மேட்டுப் பாத்தியில்தான் வைக்க வேண்டும், பள்ளத்தில் வைத்தால் என் அடீனியம் கதிதான். நந்தியாவட்டை, ஆவாரை, டிசம்பர் பூ, நொச்சி எல்லாம் நடுத்தரம், இடம் மிஞ்சினால் பார்க்கலாம்.

மரம் என்றால் மூன்றே மூன்று வைக்கலாம், அதற்கு மேல் இடமில்லை. பூவரசு, புன்னை, மகிழம். முதல் இரண்டும் கடற்கரை மரங்கள், உப்புக் காற்று அவற்றுக்குப் பிறந்த வீடு. மகிழம் திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் தல மரம். சங்கிலி நாச்சியாரைப் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் பண்ணியது அந்த மரத்தடியில்தான். (சத்தியத்தை அவர் காப்பாற்றவில்லை, மரத்தின் மேல் தப்பில்லை.) மகிழமும் புன்னையும் மெல்ல வளரும், ஆனால் கெட்டியான மரங்கள். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்ததற்கு மறுநாள் சீக்கிரம் வளர்ந்த அழகு மரங்கள் எத்தனை தெருவில் படுத்துக் கிடந்தன என்று எல்லோரும் பார்த்தோம்.

ரோஜா வேண்டும், மல்லி வேண்டும் என்கிறவர்கள் அவரவர் பால்கனியில் மெட்ரோ தண்ணீரில் வளர்த்துக்கொள்ளுங்கள். ரோஜாவுக்கும் எலுமிச்சைக்கும் உப்பு சுத்தமாக ஆகாது. பெட்யூனியா குளிர்காலச் செடி, மார்கழியில் நர்சரியில் சிரிப்பதைப் பார்த்து வாங்கிவந்தால் பங்குனியில் அழவைக்கும்.

இப்போது ஜூன் 5 விஷயம். அக்னி நட்சத்திரம் முடிந்தால் வெயில் இறங்கிவிடும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. கேரளத்தில் மழை தொடங்கியது என்று டிவியில் காட்டுவார்கள், நமக்கு அதனால் ஒன்றும் வராது. மேற்கிலிருந்து வரும் காற்று வலுத்துவிட்டால் மதியக் கடல்காற்று உள்ளே நுழையவே நேரமாகிவிடும், ஜூன் முதல் வாரத்தில் 40 டிகிரிக்கு மேல் போவது நமக்குப் புதிது இல்லை. நர்சரியில் பச்சை வலைக்குக் கீழே தினமும் தண்ணீர் குடித்துச் செல்லமாக வளர்ந்த கன்றை அந்த வெயிலில் இறக்குவது, ஏசி ரூம் பிள்ளையைச் செருப்பில்லாமல் தார் ரோட்டில் நடக்கவிடுவது மாதிரி. அரளியே ஆனாலும் சரி, வேர் பிடிக்கும் வரைக்கும் அது வறட்சி தாங்கும் செடி கிடையாது. முதல் வருடம் நாம் கைபிடித்துக் கூட்டிப் போக வேண்டும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்று சும்மாவா சொன்னார்கள். ஆடியில் விதை போடுவோம், அரளி, காகிதப்பூ, நந்தியாவட்டைக் குச்சிகளைப் பால் கவரில் ஊன்றி வைப்போம். தாய்ச்செடி என் மாடியிலும், டி பிளாக் மாமாவின் வாசலிலும் இருக்கிறது, காசு கிடையாது. ஆவணிக் கடைசியிலோ புரட்டாசி முதல் வாரத்திலோ தரையில் இறக்குவோம். சாயங்கால மழை அப்போது அவ்வப்போது வரும். பெருமழைக்கு முன்னால் நாலைந்து வாரம் வேர் ஓட நேரம் கிடைக்கும். அதற்குள் நீங்கள் கேட்கிற 500 ரூபாயில் பாதியை வைத்து முன்பக்கத்து மண்ணைச் சரி பண்ணலாம். கட்டடம் கட்டும்போது கொட்டிய செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும்தான் அங்கே மண் என்ற பெயரில் கிடக்கிறது. இரண்டு அடி ஆழம் குழி, நல்ல மண், மக்கிய எரு. கன்றை இறக்கும் முன் கவரைக் கிழித்து என் கையில் கொடுக்க வேண்டும். நான் எண்ணுவேன்.

தண்ணீர் விடுவதற்கு ஹோஸை விட்டுவிடலாம். ஒவ்வொரு செடிக்கும் தண்டை விட்டு ஒரு முழம் தள்ளி வட்டப் பாத்தி கட்டி, அதில் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக, இரண்டு மூன்று தவணையாக ஊற்ற வேண்டும். நட்ட முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அப்புறம் வாரம் இரண்டு தடவை. மழை தொடங்கினால் நிறுத்திவிடலாம். அடுத்த கோடையில் வாரம் ஒரு குடம், அதற்கு அடுத்த கோடையில் பத்து நாளைக்கு ஒன்று போதும். 25 செடிக்கு வாரம் 375 லிட்டர், புல்லுக்கு ஒரு நாள் ஆகிற தண்ணீரைவிடக் கம்மி. ஆழமாகப் போகிற தண்ணீர் உப்பையும் வேருக்குக் கீழே தள்ளிக்கொண்டு போகும், ஈரத்தைத் தேடி வேரும் பின்னாலேயே இறங்கும். ஊற்றும் முன் விரலை இரண்டு கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்கு வேண்டாம். மதியம் இலை தொங்குவதைப் பார்த்துப் பதறக் கூடாது, காலையில் ஆறு மணிக்கும் தொங்கினால்தான் தாகம். நேரமும் அதுதான், காலை ஆறு. மதியம் இரண்டு மணிக்கு மாடித் தொட்டித் தண்ணீரில் முட்டை வேகும், அதை வேரில் ஊற்றாதீர்கள்.

தொட்டிச் செடி வேறு கணக்கு. தொட்டிக்கு ஆழம் இல்லை, கீழே சிமென்ட் தளம் கொதிக்கும், மே மாதம் தினமும் ஊற்றித்தான் ஆக வேண்டும். எனக்கு இதில் கைகொடுப்பது காசிமேட்டு மீன் பெட்டி. தெர்மாகோல் என்பதால் சூடு உள்ளே இறங்காது, மண் தொட்டி மாதிரி பக்கவாட்டில் ஈரம் கசியாது. இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஊற்றினால் ஓடுகிறது. அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசி, ஒரு வாரம் வெயிலில் வைத்தால் வாடை போய்விடும். போகாவிட்டால் ஏரியாப் பூனைகள் வந்து சொல்லும். இப்போது ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், பெட்டி சும்மா கிடக்கும். தெரிந்த ஏலக் கடையில் உடைசல் பெட்டிகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொரு தண்ணீர் நம் சுவரிலேயே வழிகிறது. ஏ பிளாக் முழுக்க ஏசி. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், ராத்திரி முழுக்க ஓடினால் ஒரு ஏசிக்கு அரை வாளியாவது சேருகிறது, என் வீட்டில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அதில் உப்பே இல்லை. போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் செடி கண்ணுக்குத் தெரிந்து தேறுகிறது. இப்போது அது சுவரில் பாசி வளர்த்துக்கொண்டிருக்கிறது, அதற்கு வருடா வருடம் பெயின்ட் செலவு. ஒரு பிளம்பரை வைத்து எல்லாக் குழாயையும் இணைத்து ஒரு டிரம்மில் விடலாம். டிரம்முக்கு மூடியும் வலையும் கட்டாயம், இல்லாவிட்டால் கொசு முட்டை போட்டுவிடும். மழைக்காலத்தில் மாநகராட்சி ஆட்கள் வந்து தொட்டித் தட்டுகளைத் திருப்பிப் பார்க்கும்போது தலை குனிய வேண்டியிருக்கும். தொட்டித் தட்டுகளில் மணல் நிரப்பி வைத்தாலே போதும்.

பெருக்குகிற அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். புங்கன் சருகைக் கூட்டிக் குப்பை வண்டியில் ஏற்ற வேண்டாம், செடிகளைச் சுற்றி நாலு விரல் உயரத்துக்கு, தண்டைத் தொடாமல் பரப்பட்டும். அசிங்கமாக இருக்கிறது என்று புகார் வரும். வரட்டும். சருகுக்குக் கீழே கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சித்திரையிலும் சில்லென்று இருக்கும். இளநீர் மட்டையும் போடலாம், குப்புறக் கவிழ்த்து.

இவ்வளவுதான் என் வேண்டுகோள்: ஜூன் 5 விழாவை நடத்துங்கள், பிள்ளைகளுக்கு ஜூஸ் கொடுங்கள், செடி மட்டும் அன்றைக்கு வேண்டாம். அதற்குப் பதிலாக அன்று காலை எல்லோரும் மோட்டார் ரூமுக்கு வாருங்கள், மீட்டர் பையனை வரச் சொல்லியிருக்கிறேன், ஆளுக்கொரு பாட்டிலில் அவரவர் வீட்டுத் தண்ணீர் கொண்டு வந்தால் உப்பு பார்த்துச் சொல்வான். கரண்டியை நான் கொண்டு வருகிறேன். வாட்ச்மேன் அண்ணனிடம் யாராவது ஒருவர் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். நான் ஏற்கெனவே கேட்டுவிட்டேன், அவர் சிரித்துவிட்டு, குடம் எங்கே வாங்குவது என்று கேட்டார்.

நித்தியகல்யாணிக் காய்கள் முற்றி வெடிக்கிற பக்குவத்தில் இருக்கின்றன. தீப்பெட்டிகளில் விதை சேர்த்து வைக்கிறேன், வெள்ளை தனி, ஊதா தனி. வேண்டுகிறவர்கள் கதவைத் தட்டலாம். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை மட்டும் தட்ட வேண்டாம், நான் தூங்குகிற நேரம்.

இப்படிக்கு,
சி பிளாக், இரண்டாம் மாடி, மீன் பெட்டி அம்மா